கவுன்சிலர் டாம் பிராட்லி மேயர் ஆன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் ஏஞ்சலஸில் வந்து இறங்கும் சொந்தக்காரர்கள் விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் கேட்டுவிடும் கேள்வி, அந்த முனையத்துக்கு ஏன் டாம் பிராட்லி பெயர் என்பது. அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் ‘பிராட்லி விளைவு’ என்று எங்கேயாவது காதில் விழுந்ததும் நண்பர்கள் கேட்பது இன்னொரு ரகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் குழப்பம் இருக்காது.

யார் இந்த டாம் பிராட்லி? பெரிய பைலட்டா?

பைலட் இல்லை, அந்த ஊர் மேயர். 1973 ஜூலையிலிருந்து 1993 ஜூலை வரை, ஐந்து தேர்தல்களில் தொடர்ந்து ஜெயித்து 20 ஆண்டுகள் மேயராக இருந்தார். அதற்கு முன் 10 ஆண்டுகள் நகர மன்றக் கவுன்சிலர். அதற்கும் முன் 21 ஆண்டுகள் அதே ஊரில் போலீஸ்காரர். நடுவில் வக்கீல் தொழில் பார்த்த சொற்ப காலத்தைக் கழித்துவிட்டால், அரை நூற்றாண்டு அந்த ஒரே நகரத்திடம் சம்பளம் வாங்கியவர். லாஸ் ஏஞ்சலஸின் முதல் கறுப்பின மேயரும் அவர்தான்.

முனையத்தை 1984 ஒலிம்பிக்ஸுக்காக அவசர அவசரமாகக் கட்டி, அந்த ஜூன் மாதம் திறந்தார்கள். பதவியில் இருக்கும் மேயரின் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது.

வசதியான குடும்பமா?

நேர் எதிர். 1917 டிசம்பர் 29 அன்று டெக்சாஸில் கால்வர்ட் என்ற ஊர்ப் பக்கம், அடுத்தவர் பருத்திக் காட்டில் விளைச்சலில் பங்குக்கு உழுத குடும்பத்தில் பிறந்தார். தாத்தா அடிமையாக இருந்தவர். பிழைப்புத் தேடி அரிசோனா போய், அங்கேயும் பருத்தி எடுத்து, 1924-ல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தார்கள். அப்பா ரயிலில் போர்ட்டர் வேலை பார்த்தார், அம்மா வீட்டு வேலைக்குப் போனார்.

பையனைத் தூக்கிவிட்டது ஓட்டப்பந்தயம். ஆறடி நாலங்குல உயரம், 440 கஜ ஓட்டத்தில் கெட்டிக்காரர். அதை வைத்தே யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. படிப்பை முடிக்கவில்லை. 1940-ல் போலீஸ் தேர்வு எழுதி வேலையில் சேர்ந்துவிட்டார்.

போலீஸ்காரருக்கு அரசியல் ஆசை எங்கேயிருந்து வந்தது?

போலீஸுக்குள் மேலே போகும் வழி அடைந்திருந்தது என்பதுதான் என் கணிப்பு. அன்றைய லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் கறுப்பின அதிகாரிகளுக்குச் சில பகுதிகளில்தான் பணி. வெள்ளைக்காரப் போலீஸும் கறுப்பினப் போலீஸும் ஒரே ரோந்து காரில் உட்கார முடியாது. பிராட்லி லெப்டினன்ட் ஆனார். அவர் காலத்தில் ஒரு கறுப்பின அதிகாரி எட்ட முடிந்த உச்சம் அதுதான். ரோந்து கார்களில் இரு இனத்தவரையும் சேர்த்து அனுப்பிப் பார்த்தார், அந்த முயற்சி எடுபடவில்லை. இதற்கிடையில் இரவுப் படிப்பாகச் சட்டம் முடித்து, 1956-ல் வழக்கறிஞர் தேர்விலும் தேறிவிட்டார். 1961-ல் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஊர் எப்படி இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1950-ல் லெய்மெர்ட் பார்க் பகுதியில் அவருக்கு ஒரு வீடு பிடித்தது. கறுப்பினத்தவருக்கு அங்கே விற்கமாட்டார்கள். போலீஸ் வேலை, மாதச் சம்பளம் எல்லாம் இருந்தும், வெள்ளைக்காரத் தெரிந்தவர் ஒருவரை முன்னால் நிறுத்தி வாங்கவைத்து, பிறகு தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அந்த வீட்டிலிருந்துதான் பின்னால் தேர்தலுக்கு நின்றார்.

அங்கே கவுன்சிலர்னா நம்ம வார்டு கவுன்சிலர் மாதிரிதானே?

பெயர்தான் ஒன்று. சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டு, 200 கவுன்சிலர். லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத்தில் மொத்தமே 15 பேர். 1970-ல் அந்த நகரத்தின் மக்கள்தொகை 28 லட்சம். அப்படியென்றால் ஒரு கவுன்சிலருக்கு ஏறக்குறைய ஒரு சட்டமன்றத் தொகுதி அளவு ஜனம். முழுநேர வேலை, முழுச் சம்பளம், தனி அலுவலகம், ஊழியர்கள் எல்லாம் உண்டு. தன் தொகுதியில் எங்கே எந்தக் கட்டடம் வரலாம் என்பதில் அவர் வார்த்தைக்கு எடை அதிகம்.

மேயரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேருக்கு இரண்டாம் சுற்று. கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் கவுன்சிலர் மேயராக வேண்டும் என்றால் தன் தொகுதியைத் தாண்டி ஊர் முழுக்க ஓட்டுக் கேட்டாக வேண்டும். பிராட்லி கதையின் முக்கியத் திருப்பமே அங்கேதான், கொஞ்சம் பொறுங்கள்.

எந்தக் கட்சி?

ஜனநாயகக் கட்சி. ஆனால் நகரத் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரோ சின்னமோ கிடையாது. பின்னால் அவர் மோதிய மேயர் சாம் யோர்ட்டியும் அப்போது அதே கட்சிதான். யோர்ட்டி தோற்ற பிறகு குடியரசுக் கட்சிக்குப் போனார்.

கறுப்பினத்தவர் அதிகமா இருக்கிற தொகுதியில நின்னு ஜெயிச்சவர்தானே? அதில் என்ன பெரிய விஷயம்?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவர் நின்ற 10-வது தொகுதியில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை இல்லை. வெள்ளைக்காரர்கள், யூதர்கள், ஜப்பானிய வம்சாவளியினர், கறுப்பினத்தவர் எல்லாம் கலந்த இடம். போலீஸில் இருந்தபோது பொதுமக்கள் தொடர்பு வேலை பார்த்ததில் இந்த எல்லாச் சமூகத்து மன்றங்களும் பத்திரிகைகளும் அவருக்குப் பழக்கம். அக்கம்பக்கத்துச் சங்கங்களிலும் ஆள் இருந்தார்.

1961-ல் அந்தத் தொகுதி காலியானது. இடைத்தேர்தல் நடத்தாமல் மன்றமே ஒருவரை நியமித்துக்கொள்ளலாம் என்பது விதி. பிராட்லி விண்ணப்பித்தார். மன்றம் ஜோ ஹாலிங்ஸ்வொர்த் என்ற வெள்ளைக்காரரை உட்கார வைத்தது. அவரைத் திரும்ப அழைக்க நடந்த கையெழுத்து இயக்கமும் கைகூடவில்லை. இரண்டு ஆண்டு காத்திருந்து, 1963 ஏப்ரலில் அதே ஹாலிங்ஸ்வொர்த்தைத் தோற்கடித்தார் பிராட்லி. மக்கள் ஓட்டில் அந்த மன்றத்துக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர். நியமனம் மூலம் கில்பர்ட் லிண்ட்ஸே சில மாதம் முன்பே உள்ளே வந்திருந்தார்.

அந்தத் தொகுதியைச் சின்ன லாஸ் ஏஞ்சலஸ் என்றே சொல்லலாம். அங்கே ஓட்டுச் சேர்க்கத் தெரிந்தவருக்கு ஊர் முழுக்கச் சேர்க்கும் வித்தை பாதி கைவந்த மாதிரி. முழுக்கக் கறுப்பினத்தவர் தொகுதியில் நின்றிருந்தால் சுலபமாக ஜெயித்திருப்பார், ஆனால் மேயராகியிருக்கமாட்டார் என்பது என் வாதம்.

10 வருஷம் கவுன்சிலரா இருந்து உருப்படியா என்ன செஞ்சார்?

சாலை, விளக்கு, குப்பை என்று எல்லாக் கவுன்சிலரும் செய்வதைச் செய்தார். பெயர் வாங்கித் தந்தது வேறு. 1965 ஆகஸ்ட்டில், கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் ஒரு வாகனச் சோதனை கைகலப்பாகி, ஆறு நாள் கலவரமாகி, 34 பேர் செத்தார்கள். போலீஸ் தலைவர் வில்லியம் பார்க்கரை யாரும் வாய் திறந்து கேள்வி கேட்காத காலம் அது. மன்றத்தில் எழுந்து போலீஸின் நடத்தையைக் கேட்டவர் பிராட்லி. 21 ஆண்டு அதே சீருடையில் இருந்தவர் கேட்டதால், ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்று யாராலும் அவரை உட்கார வைக்க முடியவில்லை.

போலீஸுக்கு அன்றைக்கு ஏற்பட்ட கசப்பு கடைசிவரை போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1992 பற்றிய பதிலில் திரும்ப வரும்.

1969-ல தோத்தவர் எப்படி 73-ல அதே ஆளை ஜெயிச்சார்?

1969 முதல் சுற்றில் பிராட்லிக்கு 42 விழுக்காடு, பதவியில் இருந்த யோர்ட்டிக்கு வெறும் 26. எல்லோரும் பிராட்லிதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டாம் சுற்றுக்கு இருந்த சில வாரங்களில் யோர்ட்டி பயத்தைக் கிளப்பினார்: இவர் வந்தால் தீவிரவாதிகள் கை ஓங்கும், போலீஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுப் போவார்கள் என்றெல்லாம். முன்னாள் போலீஸ் லெப்டினன்டைப் பார்த்துப் போலீஸ் விரோதி என்றார்கள். முடிவு: யோர்ட்டி 53, பிராட்லி 47.

பிராட்லி கவுன்சிலர் வேலைக்குத் திரும்பினார். இங்கேதான் கவுன்சிலர் பதவியின் பலம். தோற்றவுடன் காணாமல் போகாமல், நான்கு ஆண்டும் செய்தியில் இருக்க ஓர் இடம் இருந்தது. தன் தொகுதிக்கு வெளியே, வெள்ளைக்காரக் குடும்பங்கள் வாழும் பகுதிகளிலும் போய்ப் போய்ப் பேசினார். 1973 பிரசாரத்தில் போலீஸ் வேலையை முன்னால் வைத்தார். யோர்ட்டி அதே பழைய பயத்தைத் திரும்ப விற்றுப் பார்த்தார், இந்த முறை போணியாகவில்லை. பிராட்லிக்கு 56 விழுக்காடு. அன்றைக்கு அந்த ஊரில் கறுப்பினத்தவர் சுமார் 18 விழுக்காடுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் தீர்ப்பளித்த முன்னாள் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன்.

மேயர்னா எல்லாம் அவர் கையில்தானே? நம்ம ஊர்லதான் கமிஷனர் ராஜ்யம்.

பிராட்லி காலத்து லாஸ் ஏஞ்சலஸ் மேயர், அமெரிக்கப் பெருநகர மேயர்களில் கை கட்டப்பட்ட ரகம். 1925-ல் எழுதிய நகர சாசனம், அதாவது ஊரின் அடிப்படைச் சட்டம், அப்படி. துறைகளை நடத்தியது ஆணையங்கள். அவற்றின் உறுப்பினர்களை மேயர் நியமிப்பார், ஆனால் மன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்ஜெட்டை மேயர் போடுவார், மன்றம் வெட்டும். பள்ளிக்கூடங்கள் தனி வாரியத்தின் கீழ். பொது மருத்துவமனைகளும் நலத்திட்டங்களும் மாவட்ட நிர்வாகத்தின் கையில்.

எல்லாவற்றையும் விட விசித்திரம் போலீஸ். தலைவர் பதவிக்கு அன்றைக்கு அரசு ஊழியர் பாதுகாப்பு இருந்தது. போலீஸ் ஆணையத்தின் ஐந்து பேரை மேயர் நியமிக்கலாம், ஆனால் போலீஸ் தலைவரை வீட்டுக்கு அனுப்ப அப்போது அவருக்கு வழி இல்லை. குற்றச்சாட்டை நிரூபித்தால்தான் உண்டு.

இப்படிப்பட்ட பதவியில் சத்தம் போடுபவர் தோற்றுப்போவார். பதினைந்து பேரில் எட்டுப் பேரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று தெரிந்தவர் காரியம் சாதிப்பார். பத்து ஆண்டு அந்த பதினைந்தில் ஒருவராக இருந்தவருக்கு அது தெரிந்திருந்தது.

ஒலிம்பிக்ஸ் நடத்தி லாபம் பார்த்த ஒரே ஆள்னு சொல்றாங்களே, நெஜமா?

ஒரே ஆள் என்பது மிகை. லாபம் வந்தது உண்மை: 23 கோடியே 25 லட்சம் டாலர். 1976-ல் மாண்ட்ரியல் கடனில் மூழ்கியதைப் பார்த்து 1984 போட்டிக்கு ஊர்கள் ஓடி ஒளிந்தன. டெஹ்ரானும் விலகிய பிறகு மிச்சமிருந்தது லாஸ் ஏஞ்சலஸ் மட்டும். வேறு ஆள் இல்லை என்று தெரிந்ததும் பிராட்லி பேரம் பேசினார். நஷ்டம் வந்தால் நகரம்தான் பொறுப்பு என்ற ஒலிம்பிக் குழுவின் விதிக்கு ஒப்புக்கொள்ள மறுத்து, விலகிக்கொள்கிறோம் என்றுகூடச் சொன்னார். கடைசியில் குழுதான் இறங்கி வந்தது. 1978 நவம்பரில் நகர வாக்காளர்களும் வரிப்பணத்தை இதில் கொட்டக் கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள்.

போட்டியை நடத்தியது பீட்டர் யூபராத் தலைமையிலான தனியார் அமைப்பு. புது மைதானங்கள் அதிகம் கட்டாமல், ஏற்கெனவே இருந்தவற்றை வைத்தே பெரும்பாலும் சமாளித்தார்கள், ஒளிபரப்பு உரிமையிலும் விளம்பரதாரர்களிடமும் காசு பார்த்தார்கள். நடத்திய பெருமை யூபராத்துக்கு. கையெழுத்துப் போடும் முன் பேரம் பேசிய பெருமை பிராட்லிக்கு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கஷ்டமான வேலை.

ஒரு கொசுறு: 1980 மாஸ்கோ போட்டியை அமெரிக்கா புறக்கணித்ததால், நிறைவு விழாவில் அடுத்து நடத்தும் நாட்டின் கொடிக்குப் பதில் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் கொடியை ஏற்றினார்கள்.

மெட்ரோ ரயில் கொண்டுவந்தது இவரா?

ஆமாம், ஆனால் சொன்ன நேரத்துக்கு இல்லை. 1973 பிரசாரத்தில், பதவிக்கு வந்து 18 மாதத்தில் ரயில் வேலை தொடங்கும் என்றார். முதல் வரி முன்மொழிவை 1974-ல் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 1980-ல்தான் அரை சதவீத விற்பனை வரிக்குச் சம்மதம் கிடைத்தது. லாங் பீச்சுக்குப் போகும் நீலத் தடம் ஓடியது 1990 ஜூலையில். சுரங்க ரயிலின் முதல் துண்டு திறந்தது 1993 ஜனவரியில், அவர் கிளம்ப ஐந்து மாதம் இருக்கும்போது. 18 மாதத்தில் வேலை தொடங்கும் என்று சொன்ன ரயில், ஓடுவதற்கு 17 ஆண்டு ஆனது. இருந்தாலும், வேறு யாராவது இருந்திருந்தால் 1974-லேயே கைகழுவியிருப்பார்கள்.

இந்த ‘பிராட்லி விளைவு’னா என்னதான்?

1982-ல் கலிபோர்னியா ஆளுநர் பதவிக்கு நின்றார். ஜெயித்திருந்தால் அமெரிக்காவிலேயே ஓட்டில் ஜெயித்த முதல் கறுப்பின ஆளுநர். கருத்துக்கணிப்புகள் அவர் பக்கம். வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பும் அவர் பக்கம். அன்று இரவு சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று அவர் வெற்றி என்றே அச்சடித்துவிட்டது. விடிந்தால் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டியூக்மேஜியன் ஜெயித்திருந்தார். 75 லட்சத்துக்கு மேல் விழுந்த ஓட்டில் வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் குறைவு. கறுப்பின வேட்பாளருக்குப் போடுவேன் என்று வாயால் சொல்லிவிட்டு, தனியாக நிற்கும்போது மாற்றிக் குத்திவிடுகிறார்கள் என்ற விளக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். எதிர்த்தரப்பின் பிரசார மேலாளரே தேர்தலுக்கு முன்பு கிட்டத்தட்ட இதையே சொல்லி வேலையை இழந்திருந்தார்.

ஆனால் முழுப் பழியையும் இதன் மேல் போட முடியாது. வாக்குச்சாவடியில் விழுந்த ஓட்டில் பிராட்லிதான் முன்னணி. தபால் ஓட்டு அவரைக் கவிழ்த்தது, அதைக் குடியரசுக் கட்சி திட்டம் போட்டுத் திரட்டியிருந்தது. அதே வாக்குச்சீட்டில் கைத்துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய கேள்வியும் இருந்ததால், எதிர்ப்பாளர்கள் திரண்டு வந்தார்கள். 1986-ல் திரும்ப நின்று பெரிய வித்தியாசத்தில் தோற்றார். அந்தத் தோல்விக்கு எந்த விளைவின் பெயரும் தேவைப்படவில்லை.

சொந்த ஜனத்துக்கு என்ன செஞ்சார்? டவுன்டவுன்லதானே பெரிய பெரிய பில்டிங் எல்லாம் வந்தது?

நியாயமான கேள்வி. நகரத்தின் வேலைவாய்ப்பையும் ஆணையங்களையும் கறுப்பினத்தவருக்கும், லத்தீன் வம்சாவளியினருக்கும், ஆசியர்களுக்கும், பெண்களுக்கும் திறந்துவிட்டது அவர்தான். அதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அது படித்தவர்களுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் உதவிய அளவுக்குத் தெற்குப் பகுதி ஏழைகளுக்கு உதவவில்லை. 1980-ஐ ஒட்டி அந்தப் பக்கத்து குட்இயர், ஃபயர்ஸ்டோன் டயர் ஆலைகள் மூடின. 1982-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையும் மூடியது. அந்தச் சம்பளங்களுக்கு ஈடாக எதுவும் வரவில்லை. கிரென்ஷா வணிக வளாகம் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர, பெருமுதலீடு நகர மையத்துக்கே போனது.

அவர் பக்கத்து வாதமும் உண்டு. 1978-ல் மாநிலம் முழுக்க நடந்த ஒரு வாக்கெடுப்பு சொத்து வரியைப் பாதிக்கு மேல் வெட்டியது. பிறகு வாஷிங்டனிலிருந்து வந்த உதவியும் குறைந்தது. புதுக் கட்டடம், புது வியாபாரம் வந்தால்தான் நகரத்துக்குப் பணம். இந்த வாதம் எனக்குப் பாதிதான் ஏறுகிறது. 1978-க்கு முன்பே வானளாவிய கட்டடங்களின் மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது.

ஊழல் வழக்கு ஏதோ இருந்ததாமே?

1989 தேர்தலில் சுமார் 52 விழுக்காடு வாங்கிக் கரையேறினார். அதே சமயம், அவர் ஒரு வங்கிக்கு ஆலோசகராக இருந்து முந்தைய ஆண்டு 18,000 டாலர் வாங்கியதும், நகரத்தின் பணத்தை அதே வங்கியில் போடுவது பற்றி நகரப் பொருளாளரோடு பேசியதும் வெளியே வந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். விசாரணை முடிவில் குற்ற வழக்குப் போடவில்லை. முதலீடுகளை முறையாக அறிவிக்காததற்காக 20,000 டாலர் கட்டி உரிமையியல் வழக்கை முடித்துக்கொண்டார்.

பெரிய கொள்ளை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ‘அப்பழுக்கில்லாதவர்’ என்ற பெயர்தான் அவருடைய மூலதனம், அது போனது. இந்த விவகாரத்தின் சூட்டில்தான் 1990-ல் நகரத்துக்கு நெறிமுறை ஆணையம் வந்தது.

முன்னாள் போலீஸ்காரர் மேயரா இருந்தும் 1992 கலவரத்தை ஏன் தடுக்க முடியலை?

மேயர் அதிகாரம் பற்றிய பதிலை ஒருமுறை திரும்பப் படித்துவிட்டு வாருங்கள். 1978-லிருந்து போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ். 1991 மார்ச் 3 அன்று ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர்கள் தடியால் அடித்து நொறுக்குவதை ஒருவர் தன் வீட்டு மாடத்திலிருந்து வீடியோ எடுத்துவிட்டார். உலகமே பார்த்தது. பிராட்லி, வாரன் கிறிஸ்டோபர் என்ற வழக்கறிஞர் தலைமையில் விசாரணைக் குழு போட்டார். கேட்ஸ் விலக வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். போலீஸ் ஆணையம் கேட்ஸைக் கட்டாய விடுப்பில் அனுப்பியது, நகர மன்றம் உடனே திரும்பக் கொண்டுவந்தது. ஒரே நகரத்தின் மேயரும் போலீஸ் தலைவரும் 13 மாதம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

1992 ஏப்ரல் 29 அன்று நான்கு போலீஸ்காரர்களையும் நடுவர் குழு ஏறக்குறைய முழுமையாக விடுவித்தது. அன்று மாலை இருவரும் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். பிராட்லி தெற்குப் பகுதியில் ஒரு கறுப்பினத் தேவாலயத்தில், கொதித்துப்போன கூட்டத்தின் முன்னால் அமைதி கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கேட்கும் நிலையில் இல்லை. கேட்ஸ் பிரென்ட்வுட் என்ற பணக்காரப் பகுதியில், போலீஸ் தலைவரின் அதிகாரத்தைக் குறைக்கும் சாசனத் திருத்தத்துக்கு எதிராக நிதி திரட்டும் கூட்டத்தில் இருந்தார். கலவரம் வெடித்த இடமான, ஃபுளோரன்ஸ், நார்மண்டி சாலைகள் சந்திக்கும் முனையிலிருந்து போலீஸ் பின்வாங்கியிருந்தது. ஊரடங்கு, தேசியக் காவல் படை, கடைசியில் ராணுவம் வரை வந்தது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். சேதம் சுமார் 100 கோடி டாலர்.

தீர்ப்பு வந்த உடனே பிராட்லி அதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசியதே தீயில் எண்ணெய் ஊற்றியது என்று கேட்ஸ் தரப்பு சொன்னது. எனக்கு வேறு வருத்தம். 1973-லிருந்து சாசனத்தைத் திருத்தச் சொல்லி ஊரைக் கூட்ட அவருக்குப் பதினெட்டு ஆண்டு இருந்தது. கோபக்காரக் கறுப்பினத் தலைவர் என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்ற கவனமே அவரை ஜெயிக்க வைத்தது. போலீஸ் விஷயத்தில் காலம் தாழ்த்த வைத்ததும் அதுதான்.

அப்போ கேட்ஸ் என்ன ஆனார்?

1992 ஜூனில் பதவி விலகினார். அதே மாதம் வாக்காளர்கள் அந்தத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். போலீஸ் தலைவருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம், அதிகபட்சம் இரண்டு முறை. நீக்கவும் வழி உண்டு. பிராட்லியின் 20 ஆண்டுகளில் கிடைத்த மிகப் பெரிய நிர்வாக மாற்றம், அவர் கிளம்ப ஓராண்டு இருக்கும்போது வந்தது.

ஆறாவது தடவை ஏன் நிக்கலை? பயமா?

1992 செப்டம்பரில், இனி நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். வயது 74. செல்வாக்குச் சரிந்திருந்தது, நின்றிருந்தால் தோற்றிருக்க வாய்ப்பு அதிகம். 1993-ல் ரிச்சர்ட் ரியர்டன் மேயரானார், பிராட்லி வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார். 1996-ல் மாரடைப்பும் பக்கவாதமும் வந்து பேச்சுப் போனது. 1998 செப்டம்பர் 29 அன்று 80 வயதில் காலமானார்.

இப்போ ஒரு கவுன்சிலர் இவர் மாதிரி மேயராகி 20 வருஷம் இருக்க முடியுமா?

மேயராகலாம். எரிக் கார்செட்டி 12 ஆண்டு கவுன்சிலராக இருந்துதான் 2013-ல் மேயரானார். 20 ஆண்டு இருக்க முடியாது. பிராட்லி கிளம்பிய அதே 1993-ல் வாக்காளர்கள் மேயருக்கு அதிகபட்சம் இரண்டு முறை என்று வரம்பு போட்டுவிட்டார்கள். கவுன்சிலருக்கு இப்போது மூன்று முறை, அதாவது 12 ஆண்டு. பிராட்லிக்குப் பிறகு இன்னொரு கறுப்பினத்தவர் மேயராக 2022 தேர்தல் வரை ஆனது. அதில் ஜெயித்த கேரன் பாஸ் அந்த ஊரின் முதல் பெண் மேயரும்கூட, ஆனால் அவர் வந்த வழி நகர மன்றம் இல்லை. மாநிலச் சட்டமன்றமும் வாஷிங்டன் காங்கிரஸும்.